நாணயத்தை அல்பத்திடமிருந்து காப்பாற்றுவது எப்படி? கொழும்பில் புதிதாகச் சேர்ப்பவர்களுக்கு

அப்பப்பா விட்டுப்போன நாணயங்களில் எனக்கு மிகவும் பிடித்தது 1957ஆம் ஆண்டின் ஐந்து ரூபா வெள்ளிக் குற்றி. புத்த ஜயந்தியின் 2,500ஆவது ஆண்டை ஒட்டி வெளியானது. எடை 28 கிராமுக்குச் சற்று அதிகம். உள்ளங்கையில் வைத்தால் கனம் தெரியும். அது பல வருடங்களாக ஒரு பிஸ்கட் டின்னுக்குள், பழைய வேட்டித் துண்டில் சுற்றியபடி கிடந்தது. கறுத்திருந்தது, அவ்வளவுதான்.

இப்படிக் கிடக்கிறதே என்று மனம் கேட்காமல் புறக்கோட்டையில் ஒரு கடையில் அல்பம் ஒன்று வாங்கினேன். தடித்த மட்டை, உள்ளே கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் பைகள் வைத்த பக்கங்கள். "இம்போர்ட் சாமான் தம்பி, பத்து வருஷத்துக்கு ஒண்ணும் ஆகாது" என்றார் கடைக்காரர். மூன்றாவது வருடம் திறந்து பார்த்தேன். பையின் உட்பக்கம் எண்ணெய் தடவியது போல மினுங்கியது. நாணயத்தின் விளிம்போரம் இளம்பச்சையாக ஒரு படலம். ஊசி முனையால் லேசாகத் தொட்டால் ஜாம் மாதிரி இழுபட்டது. பிஸ்கட் டின் செய்யாத வேலையை அல்பம் மூன்றே வருடத்தில் செய்து முடித்திருந்தது.

அந்தப் பச்சைக்குப் பிவிசிப் படலம் என்று பெயர். சேகரிப்பாளர்கள் சுருக்கமாக "பிவிசி பிடித்துவிட்டது" என்பார்கள், துருப் பிடித்துவிட்டது என்பது போல.

என்ன நடக்கிறது?

பிவிசி தன் இயல்பில் விறைப்பான பிளாஸ்டிக். வீட்டுத் தண்ணீர்க் குழாயும் அதுதான். அதை வளைத்து மடிக்கக்கூடிய மெல்லிய தாளாக மாற்ற, எண்ணெய் போன்ற மென்மையாக்கிகளைக் கலக்கிறார்கள். மிருதுவான ஒரு பக்கத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை இந்த எண்ணெயாகவே இருக்கலாம். அது உள்ளேயே இருந்துவிடுவதில்லை. மெல்ல மெல்ல மேற்பரப்புக்குக் கசிந்து நாணயத்தில் ஒட்டிக்கொள்கிறது. இன்னொரு பக்கம், பிவிசி சிதையும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிவருகிறது. காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்தால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அந்த அமிலம் செம்பைத் தேடிப் பிடிக்கும். பச்சை நிறம் செம்பிலிருந்து வருவதுதான்.

வெள்ளியில் எங்கே செம்பு என்று கேட்பீர்கள். 1957இன் ஐந்து ரூபாவில் வெள்ளி 92.5 சதவீதம், மிச்சம் செம்பு. 1919 முதல் 1942 வரை வந்த வெள்ளி ஐம்பது சதக் குற்றிகளில் வெள்ளி 55 சதவீதம்தான். கிட்டத்தட்டப் பாதி வேறு உலோகம். ஒல்லாந்தர் காலத்துத் துட்டு முழுக்க முழுக்கச் செம்பு. (நாம் பேச்சில் சொல்லும் "துட்டு" அந்த ஒல்லாந்த நாணயத்தின் பெயரிலிருந்து வந்ததே.) 1963இல் வந்த ஒரு ரூபாவும் செம்பு நிக்கல் கலவைதான். அதே வருடத்து அலுமினிய ஒரு சதம், இரண்டு சதங்களில் செம்பு இல்லை என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. அலுமினியத்தையும் இந்த அமிலம் அரிக்கும், பச்சைக்குப் பதிலாக வெள்ளைப் பொடி பூக்கும். தப்புவது நல்ல தங்கம் மட்டும். அதிலும் பிசின் படியும்.

இதற்கு வெப்பமும் ஈரமும் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு வேகம். குளிர்நாட்டுக்காரர் எழுதிய குறிப்புகளில் பத்துப் பதினைந்து வருடக் கணக்கு வரும். வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த அறை ஒன்றில், வருடம் முழுக்க வியர்க்கும் காற்றில், அந்தக் கணக்கை நம்பாதீர்கள்.

முதல் வேலை: இன்றைக்கே வெளியே எடுங்கள்

புது அல்பம் வாங்கும் வரை காத்திருக்க வேண்டாம். சந்தேகமான பைகளில் இருக்கும் எல்லாவற்றையும் இன்று இரவே வெளியே எடுத்து, வீட்டிலிருக்கும் சாதாரணக் கண்ணாடிப் போத்தல்களில், துவைத்துக் காய்ந்த வெள்ளைப் பருத்தித் துணியில் தனித்தனியாகச் சுற்றி வையுங்கள். ஓரிரு வாரத்துக்கு இது போதும்.

எடுக்கும்போது அவசரம் கூடாது. பழைய பையின் வாய் நாணயத்தோடு ஒட்டியிருக்கும். இழுத்து உருவினால் முகத்தில் கோடு விழும். பையின் இரண்டு பக்கத்தையும் கத்தரிக்கோலால் வெட்டித் திறந்து, மேல் தாளைத் தூக்கிவிட்டு எடுங்கள். அல்பம் பாழாகிறதே என்று பார்க்காதீர்கள், அது ஏற்கெனவே பாழ். கீழே ஒரு மடித்த துவாய் இருக்கட்டும். சிமெந்துத் தரையில் விழுந்த நாணயத்துக்கு வைத்தியம் கிடையாது. பிடிப்பது எப்போதும் விளிம்பில், பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும். நம் ஊர் வியர்வையில் உப்பு அதிகம். முகத்தில் விழுந்த கைரேகை சில மாதத்தில் அப்படியே பழுப்பாகப் பதிந்துவிடும்.

எது பிவிசி என்று கண்டுபிடிப்பது

மூக்கு முதல் கருவி. புது மழைக்கோட்டு, புதுப் பள்ளிக்கூடப் பை, குளியலறைத் திரை இவற்றின் வாசனை தெரியுமல்லவா? அதே வாசனை அடித்தால் பிவிசி என்றே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது கை. பிவிசி துணி மாதிரி மசியும், ஒன்றோடொன்று ஒட்டும். நாணயத்துக்குக் கெடுதல் செய்யாத பொலியெஸ்டர் என்ற பிளாஸ்டிக் தாளைக் கசக்கினால் சரசரவென்று சத்தம் போடும்.

இன்னும் உறுதி வேண்டுமானால் தண்ணீர்ச் சோதனை. பையில் நகம் அளவு ஒரு துண்டு வெட்டி, ஒரு துளி பாத்திரச் சவர்க்காரம் கலந்த தண்ணீரில் அமுக்கிவிட்டு விடுங்கள். அமுக்குவது முக்கியம், காற்றுக் குமிழ் ஒட்டியிருந்தால் எதுவும் மிதக்கும். மேலே வந்தால் பொலித்தீன் அல்லது பொலிபுரோப்பிலீன், பயமில்லை. மூழ்கினால் பிவிசியாகவும் இருக்கலாம், பொலியெஸ்டராகவும் இருக்கலாம். இரண்டும் தண்ணீரை விடக் கனம்.

மூழ்கியதைப் பிரித்தறிய ஒரு பழைய சோதனை உண்டு. ஃபிரீட்ரிக் பைல்ஸ்டைன் என்ற இரசாயனவியலாளர் 1872இல் சொன்னது. செம்புக் கம்பியை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, அந்தச் சூட்டோடு பிளாஸ்டிக்கைத் தொட்டு, மறுபடி சுவாலையில் பிடிக்க வேண்டும். சுவாலை பளிச்சென்று பச்சையானால் அதில் குளோரின் இருக்கிறது. நான் பழைய மின் வயர் ஒன்றை உரித்துக் கம்பி எடுத்து முதல் தடவை செய்தபோது எல்லாப் பிளாஸ்டிக்குக்கும் பச்சை வந்தது. ஐஸ்கிரீம் டப்பாவுக்குக்கூட! அரை மணி நேரம் மண்டையைக் குடைந்த பிறகுதான் உறைத்தது: வயரின் மேலுறையே பிவிசி, அதன் மிச்சம் கம்பியில் ஒட்டியிருக்கிறது. ஆகவே கம்பியை உப்புத்தாளால் நன்றாக உரசி, பச்சை வருவது நிற்கும்வரை வெறுமனே காய்ச்சிவிட்டுத் தொடங்குங்கள். பால்கனியில், காற்று உங்களைத் தாண்டிப் போகும் பக்கமாக நின்று, கடுகளவு பிளாஸ்டிக்கோடு செய்யுங்கள். வரும் புகை நல்லதல்ல.

சரி, இதெல்லாம் வேண்டாம் என்றால் ஒரு சுருக்கு வழி: மூழ்கியது, மசிகிறது, மணக்கிறது. தூக்கிப் போடுங்கள்.

அல்பம் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். வங்கிப் புத்தகத்துக்குத் தரும் உறை, அடையாள அட்டை உறை, ரெக்சின் பர்ஸ், சாப்பாட்டு மேசையில் விரித்திருக்கும் தடித்த கண்ணாடி விரிப்பு என்று எத்தனையோ சாமான்கள் பிவிசியாக இருக்கும். மாமி ஒருவர் தன் தங்கப் பவுனை அடையாள அட்டை உறைக்குள் பத்து வருடம் வைத்திருந்தார். பவுனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கூட இருந்த வெள்ளி அரை ரூபாதான் பலி.

பிடித்துவிட்ட பிசினை எடுப்பது

இங்கேதான் புதியவர்கள் அதிகம் கெடுக்கிறார்கள். தேசிக்காய், புளி, சாம்பல், பற்பசை, பித்தளை மினுக்கும் திரவம், ஒன்றும் வேண்டாம். குத்துவிளக்கைத் துலக்குவது வேறு. நாணயத்தின் மேற்பரப்பில் ஒரு தலைமுடியின் கால்வாசி உரசினாலும் சேகரிப்பாளர் கண்ணுக்குத் தெரியும், விலை பாதியாகும்.

தேவையானது பிசினைக் கரைக்கும் திரவமான தூய அசற்றோன். நெயில் பொலிஷ் ரிமூவர் அல்ல. அதில் வாசனை, நிறம், எண்ணெய், தண்ணீர் எல்லாம் கலந்திருக்கும், ஒரு பிசினை எடுத்து இன்னொன்றைப் பூசிவிடும். ஆய்வுகூட இரசாயனம் விற்கும் கடையில் சின்னப் போத்தலாகக் கேளுங்கள்.

அசற்றோன் சட்டென்று தீப்பிடிக்கும். குசினியில் செய்யக் கூடாது. சாமியறை விளக்கு எரியும் நேரத்தில் கூடாது. நுளம்புத்திரி கொளுத்தி வைத்துவிட்டு மறந்துபோகிற வீடு நம்முடையது என்பதால் அதையும் தனியாகச் சொல்கிறேன். யன்னல் எல்லாம் திறந்திருக்கட்டும். மேசையில் பிளாஸ்டிக் விரிப்பு இருந்தால் சுருட்டி எடுத்துவிடுங்கள், ஒரு சொட்டு பட்டாலும் வெளிறிப்போகும்.

இரண்டு சின்னக் கண்ணாடிக் கிண்ணம், மூடிக்கு ஒரு கண்ணாடித் தட்டு. பிளாஸ்டிக் கிண்ணம் கூடாது, சில வகை அதிலேயே கரைந்துவிடும். முதல் கிண்ணத்தில் நாணயம் மூழ்கும் அளவு ஊற்றி, நாணயத்தை மெதுவாக இறக்கி, தட்டால் மூடுங்கள். வெள்ளிக்கும் செம்பு நிக்கலுக்கும் அரை மணி நேரம். தனிச் செம்புக்கு அவ்வளவு வேண்டாம். ஒன்றிரண்டு நிமிடமாக இரண்டு மூன்று தடவை போதும். இடையில் மரக் குச்சியால் ஒரு தடவை புரட்டுங்கள். பிறகு இரண்டாவது கிண்ணத்தில், புது அசற்றோனில் அலசுங்கள். இந்த இரண்டாவது அலசலை விட்டுவிட்டால் கரைந்த பிசின் காயும்போது முழு நாணயத்திலும் மெல்லியதாகப் பரவி ஒட்டிக்கொள்ளும். என் ஐந்து ரூபா முதல் தடவை மங்கலாக வெளியே வந்தது அதனால்தான்.

துடைக்காதீர்கள். விளிம்பில் பிடித்துத் தூக்கி மெல்லிய துணியின் மேல் வைத்தால் ஒரு நிமிடத்தில் தானாகக் காய்ந்துவிடும். பச்சை இன்னும் இருந்தால் மறுபடி அதே வரிசை.

மூன்று தடவைக்குப் பிறகும் போகாத பச்சை, பிசின் அல்ல. உலோகத்தை அது ஏற்கெனவே தின்றிருக்கிறது, கீழே குழி இருக்கும். அதோடு நிறுத்துங்கள். சுரண்டினால் குழிதான் பெரிதாகும். என் நாணயத்திலும் விளிம்பில் கடுகு மாதிரி இரண்டு குழி மிச்சம்.

சில நாணயங்களை அசற்றோன் பக்கமே கொண்டுபோகக் கூடாது. வண்ணம் பூசிய நினைவு நாணயங்களில் வண்ணம் கழன்றுவிடும். மண்ணிலிருந்து வந்த பழங்காசுகள், உதாரணமாகச் சோழர் காலத்துச் செப்புக் காசோ, யாழ்ப்பாண அரசரின் "சேது" என்று எழுதிய காளைக் காசோ உங்கள் கையில் இருந்தால், அதன் பச்சை வேறு கதை. அந்தப் பச்சை பெரும்பாலும் கெட்டியாக, உலோகத்தோடு ஒன்றாக இருக்கும். அதுதான் காசின் தோல். அதைத் தொடாதீர்கள். தொட்டால் உதிரும் வெளிர்பச்சைப் பொடி திரும்பத் திரும்பப் பூத்தால் மட்டும் மற்றக் காசுகளிடமிருந்து பிரித்து, உலர்வான தனிப் போத்தலில் வைத்துவிட்டு, தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

மிச்ச அசற்றோனைக் கழுவு தொட்டியில் ஊற்ற வேண்டாம். கீழே இருக்கும் குழாயும் பிவிசி! திறந்த கிண்ணத்தோடு வெளியே, பிள்ளைகளும் பூனையும் எட்டாத இடத்தில் வைத்தால் ஆவியாகிவிடும்.

புது வீடு

செலவு குறைந்த நல்ல வழி, நடுவில் பொலியெஸ்டர் யன்னல் வைத்த சதுர மட்டை. இரண்டு அங்குலத்துக்கு இரண்டு அங்குலம். யன்னல் அளவு பல விதமாக வரும். நாணயத்தின் விட்டத்தை மில்லிமீற்றரில் அளந்துகொண்டு போங்கள். நாணயத்தை நடுவில் வைத்து மடித்து நான்கு பக்கமும் ஸ்டேப்பிளர் அடிப்பார்கள். அடித்த கம்பியின் கால்களைக் குறட்டால் நசுக்கித் தட்டையாக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்து மட்டை நாணயத்தைக் கீறும். இந்த ஊர்க் காற்றில் கம்பியும் துருப்பிடிக்கும். செம்மஞ்சள் கறை தெரிந்தால் மட்டையை மாற்றுங்கள். மாற்றும்போது கம்பியை முதலில் கழற்றிவிட்டுத்தான் நாணயத்தை எடுக்க வேண்டும். எழுதுவதெல்லாம் மட்டையில், பென்சிலால், நாணயத்தை உள்ளே வைப்பதற்கு முன்.

மட்டைகளை அடுக்கும் அல்பப் பக்கமும் பிவிசியாக இருந்தால் எல்லாம் வீண். வாயு யன்னல் ஓரத்தால் உள்ளே வரும். பொலிபுரோப்பிலீன் பக்கம் கேளுங்கள். "பிவிசி இல்லாதது" என்று அச்சடித்திருந்தாலும் ஒரு பக்கம் வாங்கி வந்து தண்ணீரில் போட்டுப் பார்த்துவிட்டு மிச்சத்தை வாங்குவதே என் வழக்கம்.

மனதுக்கு நெருக்கமான நான்கைந்துக்கு விறைப்பான வட்டக் கூடு நல்லது. அக்ரிலிக், பொலிஸ்டைரின் இரண்டுமே நாணயத்தை ஒன்றும் செய்யாது. ஆனால் அலுமாரியில் பூச்சி உருண்டை போடும் பழக்கம் உள்ள வீடு என்றால் கவனம்: நப்தலீன் ஆவி பொலிஸ்டைரினை இளக்கி ஒட்ட வைத்துவிடும்.

நகைக்கடை வெல்வெட் பெட்டி அழகுக்கு மட்டும். உள்ளே இருக்கும் பசையும் துணியும் வெள்ளியைக் கறுக்க வைக்கும். றப்பர் பாண்ட் போட்டுக் கட்டுவது அதைவிட மோசம். றப்பரில் கந்தகம் உண்டு. பட்ட இடத்தில் கறுப்புக் கோடு நிரந்தரம்.

ஈரம்

கொழும்பில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 70 சதவீதத்துக்கு மேல். கடற்கரைப் பக்கம் காற்றில் உப்பும் உண்டு, அதுவும் குளோரைடுதான். ஆகவே நல்ல மட்டையில் போட்டு அலுமாரியில் வைத்தால் மட்டும் போதாது.

இறுக்கமாக மூடும் சாப்பாட்டுப் பெட்டி ஒன்று எடுங்கள், அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் இருக்கும் வகை. அது பொலிபுரோப்பிலீன். 3 என்றிருந்தால் பிவிசி, கடையிலேயே விட்டுவிடுங்கள். உள்ளே சிலிக்கா ஜெல், நிறம் மாறும் வகை. நீலம் வெளிறி ரோசாவானால் ஈரம் குடித்து நிறைந்துவிட்டது. அதைப் பழைய தட்டில் பரப்பி, நாணயம் இல்லாத இடத்தில், மெல்லிய சூட்டில் நீலம் திரும்பும்வரை உலர்த்தலாம். கைப்பிடி அரிசி போட்டால் போதும் என்பார்கள். அரிசி வண்டுக்குத்தான் உதவும். ஒரு சின்ன ஈரப்பதமானியும் உள்ளே கிடக்கட்டும். 50 சதவீதத்துக்குக் கீழே நின்றால் திருப்தி.

ஒரு எச்சரிக்கை. இறுக்கமான பெட்டிக்குள் ஒரே ஒரு பிவிசிப் பை தவறிப்போய் இருந்தாலும் வாயு வெளியேற வழியில்லை, அத்தனை நாணயமும் அதைச் சுவாசிக்கும். திறந்த லாச்சியை விட அது மோசம்.

அதைக் கண்டுபிடிக்க நான் வைத்திருக்கும் காவலாளி, உப்புத்தாளால் மினுக்கிய ஒரு அங்குலச் செம்புக் கம்பி. பெட்டி மூலையில் கிடக்கும். அருங்காட்சியகக்காரர்கள் செய்வதன் ஏழை வடிவம் இது. பிரித்தானிய அருங்காட்சியகத்தில் ஆண்ட்ரூ ஒடி 1973இல் முன்வைத்த சோதனையில், சந்தேகப் பொருளையும் வெள்ளி, ஈயம், செம்புத் துண்டுகளையும் ஈரத்தோடு ஒரு கண்ணாடிக் குழாயில் அடைத்து 60 பாகை செல்சியஸ் சூட்டில் 28 நாள் வைத்துப் பார்ப்பார்கள். நமக்குச் சூடும் ஈரமும் ஊரே தருகிறது. கம்பி மெல்லப் பழுப்பாவது இயல்பு. பச்சை துளிர்த்தால் பெட்டியைக் கவிழ்த்து ஒவ்வொன்றாகத் தேட வேண்டும்.

பெட்டி எங்கே? வெளிச் சுவரோடு ஒட்டிய அலுமாரி வேண்டாம், மழைக்காலத்தில் அந்தச் சுவர் வியர்க்கும். குளிர்சாதனப் பெட்டியின் தலை வேண்டாம், சூடு. கூரைக்குக் கீழே இருக்கும் பரண் வேண்டவே வேண்டாம். வீட்டின் நடு அறை, இடுப்பு உயரம். மே மாதம் மழை பிடிப்பதற்கு முன் ஒரு தடவை, டிசம்பரில் ஒரு தடவை திறந்து பாருங்கள். மழை பெய்யும் நாளில் திறந்து வைத்துக்கொண்டு ரசிக்காதீர்கள். அவ்வளவு ஈரமும் உள்ளே போகும். மழை நாளில் ஆசை வந்தால் கோட்டை சத்தாம் வீதிக்குப் போங்கள். மத்திய வங்கியின் அருங்காட்சியகத்தில் நம் நாணயங்களைக் கண்ணாடிக்குப் பின்னால் ஆசை தீரப் பார்க்கலாம்.

வெட்டி எடுத்த பழைய பக்கங்கள் மிச்சமிருக்கும். முற்றத்தில் போட்டுக் கொளுத்தாதீர்கள், எரியும் பிவிசியின் புகை அமிலமும் நஞ்சும் கலந்தது. முத்திரை சேர்க்கும் பக்கத்து வீட்டுப் பையனுக்கு "இதை வைத்துக்கொள் தம்பி" என்று கொடுப்பதும் கூடாது. அந்த எண்ணெய் முத்திரையின் மையையும் விடாது. நான் கத்தரித்துக் குப்பையில்தான் போட்டேன். மட்டையை மட்டும் வைத்திருக்கிறேன், அதில் மின்சார பில்கள் இருக்கின்றன.